பதினேழு இருபது

இந்த அறைக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும், அது பழக்கம். வாக்குமூலத்தில் நேரம் குறிப்பீர்கள் அல்லவா, அதற்காகச் சொன்னேன். ஃபேனை நிறுத்த வேண்டாம். காந்த அறையின் இரைச்சலில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் தாலாட்டு.

முதலில் எங்கள் வேலையைப் புரியவைத்துவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். என் கணவருக்கு இன்னும் அப்படித்தான் தெரிகிறது. "ஒரு வார்த்தையைக் கொஞ்சம் லேட்டாச் சொன்னதுக்கா இவ்வளவு ரகளை?" என்று கேட்கிறார். பாவம், அவர் மரக்கடை வைத்திருப்பவர்.

சாதாரண எம்.ஆர்.ஐ. படம் கட்டி எவ்வளவு பெரிது என்று காட்டும். அது மருந்துக்கு அடங்கிவிட்டதா, இல்லை உள்ளே கொட்டம் அடித்துக்கொண்டிருக்கிறதா என்று காட்டாது. மருந்து வேலை செய்தாலும் கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சில நோயாளிகளிடம் அந்த இரண்டு மூன்று மாதம் இருக்காது. எங்கள் முறை வேறு. புற்றுநோய்ச் செல் பேராசை பிடித்தது. சர்க்கரையை உடைத்து வரும் பைருவேட் என்ற பொருளை அவசர அவசரமாக லாக்டேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தை அளந்துவிட்டால், கட்டியின் அடுப்பு எரிகிறதா அணைகிறதா என்று மருந்து தொடங்கிய பத்தாம் நாளே சொல்லிவிடலாம்.

அளப்பதில்தான் சங்கடம். பைருவேட்டில் இருக்கும் கார்பன் காந்தத்தின் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாது. அதனால் அதை ஓர் இயந்திரத்தில் வைத்து, விண்வெளியைவிடக் குளிரவைத்து, இரண்டு மூன்று மணி நேரம் மைக்ரோவேவ் காட்டுவோம். பத்தாயிரம் மடங்கு பிரகாசமாகிவிடும். பிறகு கொதிநீரைப் பாய்ச்சி ஒரே மூச்சில் கரைக்க வேண்டும். கரைந்த கணத்திலிருந்து அந்தப் பிரகாசம் செத்துக்கொண்டிருக்கும். நாற்பது விநாடிக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதற்குள் அதை நோயாளியின் நரம்பில் ஏற்றிப் படம் பிடித்தாக வேண்டும். மூன்று மணி நேரச் சமையல், ஒரு நிமிடப் பந்தி என்று நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தயாரிப்பு அறையில், ஒருவர் நோயாளியோடு காந்த அறையில். கரைந்த மருந்து சிரிஞ்சில் இறங்கியதும் சுவரில் உள்ள சின்னக் கதவு வழியாக அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் உடனே செலுத்தக் கூடாது. தயாரிப்பு அறைத் திரையில் மூன்று எண்கள் வரும். அமிலத்தன்மை, சூடு, வடிகட்டியதில் மிச்சம் தங்கிய வேதிப்பொருள். மூன்றும் சரியாக இருந்தால் இங்கே இருப்பவர் மைக்கில் "விடலாம்" என்று சொல்லுவார். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் அங்கே இருப்பவர் மருந்தை ஏற்றுவார். அதுவரை சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மருந்து எப்போது கரைந்தது என்று அங்கிருந்து தெரியாது. கரைந்த நேரம், விட்ட நேரம் இரண்டையும் தாளில் எழுதுவதும் இங்கே இருப்பவர்தான்.

நான் தயாரிப்பு அறையில் இருந்தால், கரைத்ததிலிருந்து ஏற்றுவதுவரை ஐம்பத்தெட்டு விநாடி. எல்லா நாளும் ஐம்பத்தெட்டு. அதனால்தான் அந்தப் பிரிவில் எனக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். எங்கள் பிரிவுத் தலைவர் பெரிய டாக்டர் வைத்த பெயர். வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால், "எங்க கடிகாரம் இருக்காங்க, இயந்திரம் தப்புப் பண்ணாலும் அவங்க பண்ண மாட்டாங்க" என்பார். பெருமைக்குச் சொல்லவில்லை. கேட்டீர்கள் என்றால் அவரே சொல்லுவார். இப்போது சொல்லுவாரா என்பது வேறு.

இனி ஓரகத்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் ‘சின்னவள்’. ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். இயற்பியலில் பெரிய படிப்புப் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவளைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள். பொறாமைக்காரி அப்படிச் செய்வாளா?

நல்ல பெண். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பாள். மாமியார் கீழே என்னோடு இருக்கிறார், நான் போடும் மாத்திரையைத்தான் விழுங்குகிறார், ஆனால் சாயங்காலம் ஆனால் கண் மாடிப்படியில் இருக்கும். சின்னவள் இறங்கி வந்து காலைப் பிடித்துவிட்டால்தான் வலி குறையுமாம். என் மகள் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். "சித்தி சொல்லிக்குடுத்தா சட்டுனு புரியுதும்மா." சரி, போகட்டும். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மகள் அதைச் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஆறு பத்து.

வேலையிலும் அவள் கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள். வந்த ஒன்பதாம் மாதம், எங்கள் அளவை மற்ற ஆஸ்பத்திரிகள் நம்புவதற்கு ஒரு வழி சொன்னாள். ஒரே நோயாளிக்கு ஒரே காலையில் இரண்டு முறை படம் எடுப்பது. ஒன்று என் கையால், ஒன்று அவள் கையால். ஒருவர் ஏற்றும்போது மற்றவர் தயாரிப்பு அறையில். யார் செய்தாலும் ஒரே எண் வந்தால் முறை நம்பகமானது. பெரிய டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. இருபத்திரண்டு வருடமாக என் கையை நம்பிப் படம் எடுத்தவர்களுக்கு, அதை இன்னொரு கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று திடீரென்று தோன்றிவிட்டது. அறிவியல் அப்படித்தான் என்றார்கள். இருக்கலாம்.

எட்டு நோயாளிகள் முடிந்ததும் அவள் ஒரு வரைபடம் போட்டாள். அதைப் பெரிய டாக்டர் வாங்கி, எல்லோரும் தேநீர் குடிக்கும் அறையின் பலகையில் ஒட்டினார். அவளுடைய நீலப் புள்ளிகள் கோட்டின் மேல் நூல் பிடித்தாற்போல உட்கார்ந்திருந்தன. என்னுடைய சிவப்புப் புள்ளிகள் கொஞ்சம் அங்கும் இங்கும் சிதறியிருந்தன. கொஞ்சம்தான். நேரத்தில் குறை இல்லை, ஆனால் ஏற்றும் வேகத்தில் என் கை ஒரே சீராக இல்லையாம். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே, "கடிகாரத்துக்குச் சாவி குடுக்கணும் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் வரைபடத்தைக் கிழித்தாள். "எட்டே பேரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது டாக்டர். அக்கா கைக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரித்திருந்தால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். எரிந்தது. வயிறு முழுக்க எரிந்தது. இதை மறைக்கவில்லை, பாருங்கள். என் கைக்காக இரக்கப்பட அவள் யார்?

ஒன்பதாவது நோயாளியிலிருந்து தொடங்கினேன். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் ஏற்றும் முறையில் நான் தயாரிப்பு அறையில் இருப்பேன். மூன்று எண்களும் வரும், சரியாகத்தான் இருக்கும். வழக்கம்போல "விடலாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். இருபது விநாடி. பிறகு சொல்லுவேன். தாளில் வழக்கமான நேரத்தை எழுதுவேன். அவ்வளவுதான். எதையும் தொடவில்லை, எதையும் கலக்கவில்லை. நோயாளியின் உடம்புக்கு அந்த மருந்தால் ஒரு கெடுதலும் இல்லை.

இருபது விநாடியில் பிரகாசத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பைருவேட் ஏராளமாக இருப்பதால் அது அப்போதும் தெரியும். கொஞ்சமாக இருக்கும் லாக்டேட் படத்தின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதனால் கட்டி உண்மையில் இருப்பதைவிடச் சாந்தமாக இருப்பதுபோல ஓர் எண் வரும். என் எண் ஒன்று, அவள் எண் வேறு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரை நம்புவார்கள்? இருபத்திரண்டு வருடத்தையா, ஒன்பது மாதத்தையா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு முறை அவள் கேட்டாள். "அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாச்சோ?"

"சூடு கொஞ்சம் கூடக் காட்டுச்சு. ரெண்டாவது தடவை பார்த்துட்டுச் சொன்னேன்."

"நல்லதுக்கா. நீங்க பார்த்தா எனக்குக் கவலையே இல்ல" என்றாள்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. நோயாளியின் பாதுகாப்பு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

தையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அறுவை செய்ய முடியாத இடம். மருந்து கொடுப்பதற்கு முந்தைய படத்தை, அந்த முதல் எட்டுப் பேரில் ஒருவராக, அவருக்கு எடுத்திருந்தோம். நான் தொடங்குவதற்கு முந்தைய வாரம். இரண்டு பேர் கையிலும் ஒரே எண் வந்தது. மேசையில் ஏறிப் படுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, உங்க இடது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு. ரெடிமேட் சட்டை உங்களுக்கு உட்காராது" என்றார். உண்மைதான். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

ஒரே காலையில் ஏன் இரண்டு ஊசி என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. "நானும் ரெண்டு தடவை அளப்பேம்மா. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் கத்திரியக் கையில எடுப்பேன். இல்லேன்னா துணி போச்சு, பேரும் போச்சு" என்றார்.

மருந்து தொடங்கிய பத்தாம் நாள் திரும்ப வந்தார். இந்த முறை ஒரு காகிதப் பை கொண்டுவந்திருந்தார். உள்ளே இரண்டு வெள்ளைக் கோட்டுகள். கண்ணளவிலேயே தைத்தது. ஒன்று சின்னவளுக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். இடது தோளில் அரை இஞ்சு இறக்கித் தைத்திருந்தார். அன்று அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

முதல் ஊசி என் கையால். அவள் தயாரிப்பு அறையில். நேரத்தில் சொன்னாள், நான் ஏற்றினேன். இரண்டாவது அவள் கையால். மைக் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும். மூன்று எண்களும் வந்து நின்றபிறகு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அந்தப் பக்கம் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது. "கோட்டு பிடிச்சிருக்காம்மா? கை நீளம் சரியா இருக்கா?" அவள் "அளவெடுத்த மாதிரி இருக்குய்யா" என்றாள். பதினாறு, பதினேழு. "பெரியம்மாவுக்கு?" என்றார். பத்தொன்பது. இருபது. "விடலாம்" என்றேன்.

மத்தியானம் எண்கள் வந்தன. என் படத்தில் மருந்துக்கு முன்பு என்ன இருந்ததோ அதேதான். ஒரு துளி குறையவில்லை. அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் படத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. என் எண்ணை நம்பினால் அன்றே மருந்தை மாற்ற வேண்டும். அவள் எண்ணை நம்பினால் அதே மருந்தைத் தொடர வேண்டும். பெரிய டாக்டர் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நாற்பது விநாடி. பிறகு என்னுடையதை மடித்து ஓரமாக வைத்தார். "இவங்க கை கொஞ்ச நாளா சரியில்ல. இந்தப் பொண்ணோடதையே எடுத்துக்கலாம்" என்று உதவியாளரிடம் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளேதான் மறுத்தாள். "டாக்டர், ரெண்டும் இவ்வளவு விலகியிருக்கே, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாமே" என்றாள். "ஒரு ஆளுக்கு எத்தனை ஊசி போடுறது? உங்க கையில எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். சரியான எண் என்னிடம்தான் இருந்தது. அது சரி என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். என் எண்ணை நான் மறைத்தேனா? மேசையில் வைத்தேன். எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். அதை மடித்து வைத்தது நானா? இருபத்திரண்டு வருடத்தை ஒருவர் ஓரமாக மடித்து வைத்தால், அதைப் பிரித்து மறுபடி அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது என் வேலை இல்லை. "கடிகாரம், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. எட்டு வாரம் காத்திருந்தேன்.

எட்டு வாரமும் அவர் அதே மருந்தைத்தான் சாப்பிட்டார். வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வருவார். எங்கள் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும். "நாலுல ஒரு பங்கு கொறைஞ்சிருச்சாமே" என்று வாசல்காவலரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தார், வாரத்துக்கு ஒரு தையல் உள்ளே. மருந்தின் வேகம் அப்படி இருக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். ஐந்தாம் வாரம் என்னைப் பார்த்து, "கோட்டு தோள்ல உட்கார்ந்திருக்காம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை.

எட்டாம் வாரம் எடுத்த சாதாரண ஸ்கேனில் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. அதன்பிறகு பத்தொன்பது நாள். சின்னவள் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து மாடியில் அழுதாள். கீழேவரை கேட்டது. மாமியார் என்னைப் பார்த்து, "நீயும் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கலாம். அவளுக்கு இருக்கிற மனசு எல்லாருக்கும் வராது" என்றார். நான் அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

அழுது முடித்தபின் அவள் வேலையைத் தொடங்கினாள். அதில் நான் அவளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். தன் எண் எப்படித் தப்பானது என்று தேடினாள். தன் கையில் குறை என்றுதான் முதலில் நினைத்தாள். பத்து நாள் தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு தன் கையையே சோதித்தாள். பிறகு, கரைக்கும் இயந்திரம் கரைத்த நேரத்தைத் தானாகவே தன் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்கேனர் முதல் பிரகாசம் வந்த நேரத்தை வைத்துக்கொள்ளும். தாள் இருப்பதால் அதையெல்லாம் ஒருவரும் திறந்து பார்த்ததே இல்லை. அவள் திறந்தாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை நான் தாளில் எழுதிய நேரத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளோடு படியிறங்கி வந்தாள். கொடியின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். நான் துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இருபது" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"பதினேழு பேருக்கு."

"ஆமா."

"மெஷின் கோளாறாத்தான் இருக்கும்னு நினைச்சேன். கோளாறுன்னா கூடும், குறையும். இது எல்லாமே இருபது. மனுஷங்க கையால இப்படிச் செய்யவே முடியாது." தாளை மடித்தாள், திரும்பப் பிரித்தாள். "அப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துச்சு."

"ஏன்க்கா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். என்னவோ சொன்னேன், ஞாபகம் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் அதற்கு முன் சொன்னதே என் காதில் நின்றுகொண்டிருந்தது. மனிதக் கையால் முடியாது என்றாள். இத்தனை மாதத்தில் என் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்றே பெரிய டாக்டரிடம் போனாள். தையல்காரரைப் போலவே நான் தொடங்குவதற்கு முன்பு முதல் படமும், தொடங்கியபின் இரண்டாவது படமும் எடுத்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். என் இருபது விநாடியைக் கணக்கில் சேர்த்து அவர்களுடைய எண்களைத் திருத்தினாள். மூன்று பேருக்கும் மருந்தை மாற்றினார்கள். அவர்கள் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றைக் கவனியுங்கள். நான் ஒரு நாள் பதினைந்து, ஒரு நாள் முப்பது என்று மனம்போன போக்கில் செய்திருந்தால் அவளால் எதையும் திருத்தியிருக்க முடியாது. கண்டுபிடித்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் செய்ததால்தான் அந்த மூன்று பேர் பிழைத்தார்கள். இதை யாரும் பேசவில்லை.

தையல்காரரைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். காரணம் என்ற இடத்தில் மட்டும் பொறாமை என்று எழுதாதீர்கள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு அத்தாட்சி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அவள் "விடலாம்" சொன்ன நேரங்களைப் பாருங்கள். ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று என்று தாவும். என் பக்கத்தைப் பாருங்கள். பதினேழு பேர், பதினேழு இருபது. ஒரு பத்தொன்பது இல்லை, ஒரு இருபத்தொன்று இல்லை.

அதை வரைபடமாகப் போட்டால் ஒரே நேர்கோடாக வரும். பலகையில் யாராவது ஒட்டினார்களா?